பனமலைச் சுவரும் தேசிங்கின் குதிரையும்

செஞ்சிக்கும் விழுப்புரத்திற்கும் இடையே, ஏரியை ஒட்டி எழுந்து நிற்கிறது ஒரு சிறு குன்று. பனமலை என்பது அதன் பெயர். அதன் உச்சியில் இராசசிம்மன் என்னும் பல்லவ மன்னன், கி.பி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கற்கோயில் ஒன்று இருக்கிறது. உள்ளே, சுவரோடு சாய்ந்து, ஒரு காலை மடித்து, குடைநிழலில் ஒயிலாக நிற்கும் அணங்கொருத்தியின் ஓவியம் இருக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அந்த வண்ணம் முற்றிலும் அழிந்துவிடவில்லை. அவள் யாருடைய ஆடலைப் பார்த்து நிற்கிறாளோ, அந்த ஆடலரசனின் உருவந்தான் பெரும்பாலும் மங்கிவிட்டது. கலைவாணர்கள் அந்தக் கோலத்தைக் கண்டு களிக்கிறார்கள். களிக்கட்டும், நாமும் களிப்போம். ஆனால் நாம் இங்கே பேச வந்தது அந்தக் கன்னத்தின் எழிலைப் பற்றியல்ல. அதே கோயிலின் கல்லில் வெட்டப்பட்டிருக்கும் எழுத்தைப் பற்றி.

அந்த எழுத்து தமிழன்று. கிரந்த எழுத்தில் பொறித்த வடமொழி. அது சொல்லும் செய்தி என்ன? பல்லவர் குலம் அசுவத்தாமன் வழிவந்த குலம் என்பது. காஞ்சியில் இதே மன்னன் எடுத்த கைலாசநாதர் கோயிலிலும் இந்தக் குலப்பெருமை விரிவாகப் பேசப்படுகிறது: பாரத்துவாசன், துரோணன், துரோணன் மகன் அசுவத்தாமன், அவன் வழியில் பல்லவன்! அரசாள வாளும் படையும் போதா. ஆதிகாலத்துப் பார்ப்பன முனிவனின் குருதியும் வேண்டும் என்று அந்த நாளில் கருதினார்கள். அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். இன்றைய சொல்லில் சொன்னால், அது ஆட்சியின் விளம்பரப் பலகை.

அந்தப் பலகையை ஏரிக்கரையில் நாற்று நட்டவன் படித்தானா? படித்திருக்க மாட்டான். அவனுக்கு அந்த எழுத்தும் தெரியாது, மொழியும் தெரியாது. அவன் பிள்ளையும் படித்திருக்க மாட்டான். ஆகவே அந்தக் கல் அவனுடைய நெஞ்சைத் தொடவேயில்லை. நெஞ்சைத் தொட்டது எது? அதே செஞ்சிச் சீமையில் விளைந்த வேறொரு கலை.

செஞ்சிக்கு அருகே மேலச்சேரி என்றோர் ஊர். பழைய செஞ்சி என்பர். அங்குள்ள திரௌபதியம்மன் கோயிலைத்தான், தமிழகத்தில் பரவிக் கிடக்கும் திரௌபதி வழிபாட்டின் தாய்வீடு என்று, பல்லாண்டுகள் ஊர் ஊராகத் திரிந்து ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபெய்ட்டல் 1988இல் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். அந்த வழிபாட்டின் உயிர் எது? கருவறையா? இல்லை. கூத்து! பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில், விடிய விடிய, தெருக்கூத்து. சூது, துகிலுரிதல், அருச்சுனன் தவம், அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம். இறுதியில் படுகளம்: களிமண்ணால் செய்த துரியோதனன் நீண்டு கிடப்பான், விரித்த கூந்தலைத் திரௌபதி முடிப்பாள், ஊர் தீ மிதிக்கும்.

இங்கேதான் வரலாறு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. அசுவத்தாமன் யார்? போர் முடிந்த இரவில் பாசறைக்குள் புகுந்து, உறங்கிக் கொண்டிருந்த திரௌபதியின் மைந்தர் ஐவரையும் வெட்டிச் சாய்த்தவன். பனமலையின் கல், அவனை மூதாதையாகக் கொண்டாடுகிறது. பனமலையைச் சூழ்ந்த ஊர்களின் கூத்தோ, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயைக் கொண்டாடுகிறது! மன்னன் கல்லில் எழுதினான். மக்கள் களிமண்ணில் எழுதினார்கள். கல்லை வெட்டியவர் மன்றில் அசுவத்தாமன் குலமுதல்வன். கூத்துக் களத்தில் அவன் குழந்தைக் கொலைகாரன். மன்னனை எதிர்க்க வேண்டும் என்று திட்டமிட்டு மக்கள் இதைச் செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடையே பல நூற்றாண்டு இடைவெளி உண்டு. ஆனால் எந்தக் கதை பிள்ளைகளின் நெஞ்சில் நின்றது என்பதற்குச் சான்று வேண்டுமா? செஞ்சி வட்டாரத்துச் சிற்றூரில் இன்றும் திரௌபதி என்று பெயர் சூட்டிய பெண்கள் உண்டு. தருமராசன் உண்டு, அருச்சுனன் உண்டு. அசுவத்தாமன் எங்கே?

பள்ளிக்கூடம் இல்லாத காலத்தில் கூத்துமேடைதான் பள்ளிக்கூடம். பாயை எடுத்துக்கொண்டு முன்வரிசையில் இடம்பிடித்த பதினாறு வயதுப் பிள்ளை, விடிவதற்குள் பலவற்றைக் கற்றுக்கொண்டான். பிறப்பால் தாழ்ந்தவன் என்று மனைவி பொன்னுருவியாலேயே இகழப்பட்ட கர்ணனுக்காக அவன் கண்ணீர் வடித்தான். நல்ல பாடம். அதே இரவில், அந்தக் கூத்தைத் தாழ்த்தப்பட்ட தெருவின் பிள்ளை எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதையும் அவன் கண்ணால் கற்றான். இது மேடையில் சொல்லப்படாத பாடம். சொல்லப்படாத பாடந்தான் ஆழமாகப் பதிகிறது. கர்ணனுக்காக அழுதவன் வீட்டுக்குப் போய்ச் சேரிப் பிள்ளையைத் திண்ணையில் அமர்த்தினானா என்று கேட்டுப் பாருங்கள், தோழர்களே!

இனி தேசிங்குக்கு வருவோம். செஞ்சி என்றால் தேசிங்கு; தேசிங்கு என்றால் குதிரை! தமிழ்நாட்டில் இந்தப் பெயர் தெரியாத பாட்டாளி வீடு ஒரு காலத்தில் இல்லை.

வரலாறு சொல்வது சுருக்கமானது. 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தான். அவன் மகன் இராசாராம் இங்கே தங்கியிருந்தபோது மொகலாயப் படை பல ஆண்டுகள் முற்றுகையிட்டு 1698இல் கோட்டையைக் கைப்பற்றியது. பின்னர் ஔரங்கசீப், புந்தேல்கண்டைச் சேர்ந்த சரூப் சிங் என்னும் இராசபுத்திரனைக் கோட்டைத் தலைவனாக்கினான். அவன் இறந்தபின் மகன் தேஜ் சிங் பொறுப்பேற்றான். அவனே தமிழன் நாவில் தேசிங்கு ஆனான். கோட்டைக்குச் செலுத்த வேண்டிய கப்பம் பாக்கி என்றான் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான். இளைஞன் மறுத்தான். 1714 அக்டோபர் 3ஆம் நாள் போர். சில நூறு குதிரை வீரரோடு பெரும்படையைச் சந்தித்து மாண்டான். வயது 22 என்பர். ஆட்சி செய்த காலம் ஓராண்டுகூட நிரம்பவில்லை. அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள்.

கிஸ்திப் பாக்கிக்காக நடந்த ஒரு சண்டை. மூச்சுவிடும் நேரத்தில் முடிந்த ஓர் ஆட்சி. வடக்கிருந்து வந்த ஒரு குடும்பம். தமிழ் அவர்கள் தாய்மொழியன்று. இந்த நிலத்து உழவனுக்கு அவர்கள் ஏரி வெட்டினார்களா, வரியைக் குறைத்தார்களா? அப்படிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ஏன் மூன்று நூற்றாண்டுகளாகப் பாடினார்கள்? பாட்டு வேறொன்றைச் செய்தது.

பாட்டில், பாதுசாவின் அடங்காத குதிரையை அடக்குகிறான் தேசிங்கு. பாராசாரி என்று அந்தக் குதிரைக்குப் பெயர் தந்தார்கள் பாணர்கள். அவன் தோழன் மாபத்துகான் முசுலீம். நண்பன் போருக்கு அழைக்கிறான் என்ற செய்தி வருகிறது. அப்போது அவன் மணக்கோலத்தில் இருக்கிறான். பந்தலை விட்டு எழுந்து நீலவேணி என்னும் குதிரையில் ஏறிப் பறக்கிறான்! தன் மதத்தான் ஒருவனை எதிர்த்து, வேறு மதத்து நண்பனுக்காகச் சண்டையிட்டு உயிர் விடுகிறான். போர் நடந்த கடலிக்கு அருகில் நீலாம்பூண்டியில் அவன் கல்லறையென்று ஒன்றை இன்றும் காட்டுகிறார்கள்.

எண்ணிப் பாருங்கள். மதம் வேறு, மனம் ஒன்று என்பதை எந்தச் சட்டமன்றமும் தீர்மானம் போட்டுச் சொல்லாத காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பாணன் உடுக்கையைத் தட்டிச் சொன்னான். கேட்ட இளைஞனுக்கு மாபத்துகான் பகைவனாகத் தெரியவில்லை. பொறாமைப்படத்தக்க தோழனாகத் தெரிந்தான். இந்த வட்டாரத்தில் அந்தப் பாட்டு செய்த பணியை எத்தனை மேடைச் சொற்பொழிவு செய்திருக்கும்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோட்டைக்குப் பக்கத்தில் சிங்கவரம். அங்கே பள்ளிகொண்ட அரங்கநாதர் சிலையின் தலை திரும்பியிருப்பதற்கு ஊர்க்கதை ஒன்று உண்டு: போருக்குப் போகாதே என்று அவர் தடுத்தாராம், தேசிங்கு கேளாமல் கிளம்பவே, முகத்தைத் திருப்பிக் கொண்டாராம். கல் திரும்புமா என்று கேட்பது நம் வேலை, கேட்போம். ஆனால் அந்தக் கதையைப் புனைந்தவனின் மனத்தையும் பார்ப்போம். கப்பச் சண்டைக்காக ஊரைக் கொளுத்தாதே என்று மன்னனிடம் நேரில் சொல்ல எந்தக் குடியானவனுக்கும் வாய் கிடையாது. அந்த வாயைச் சிலைக்குக் கொடுத்தான். சொன்னது சிலையல்ல, தோழர்களே. சொல்ல முடியாமல் போன ஊர்! ஆனால் பின்னே வந்த பிள்ளைகளுக்குக் கிடைத்த பாடமோ, சகுனத்தை மீறியவன் செத்தான் என்பது. ஒருவன் வாய்ப்பூட்டை உடைக்கச் செய்த கதை, மற்றவன் மூளைக்குப் பூட்டாயிற்று.

தேசிங்கின் சாவையும் பாட்டு மாற்றியது. போர்க்களத்தில் துப்பாக்கிக் குண்டு பட்டு வீழ்ந்தான் என்பது வரலாறு எழுதியோர் தரும் செய்தி. பாட்டிலோ, வாளை வானில் வீசி, மல்லாந்து படுத்து, இறங்கி வரும் அந்த வாளை மார்பில் ஏந்திச் சாகிறான். கூலிப்படையாளின் ஈயக்குண்டால் சாவது வீரனுக்கு அழகில்லை என்று எண்ணினான் பாணன். அந்த அழகு எத்தனை இளம் உள்ளங்களைக் கவ்வியிருக்கும்! தோற்றாலும் சரி, அழகாகச் சாக வேண்டும் என்ற எண்ணம் அரும்பு மீசைப் பருவத்தில் எளிதாக ஏறிவிடும்.

இது தமிழனுக்கு மட்டும் உரிய நோய் அன்று. 1774இல் ஜெர்மனியில் கெதே என்ற இளங்கவிஞன் ஒரு சிறு நாவல் எழுதினான். காதலில் தோற்ற வெர்தர் என்னும் இளைஞன் துப்பாக்கியால் தன்னை மாய்த்துக் கொள்கிறான். ஐரோப்பாவின் வாலிபர்கள் வெர்தர் அணிந்த நீலச் சட்டையையும் மஞ்சள் அரைச்சட்டையையும் அணிந்துகொண்டு திரிந்தார்கள். அவன் வழியில் சாகவும் துணிகிறார்கள் என்ற அச்சம் எழுந்தது; 1775இல் லீப்சிக் நகரம் அந்த நூலையும் அந்த உடையையும் தடைசெய்தது. தடையால் நூல் அழியவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பாணன் வாயிலிருந்த தேசிங்கு அச்சுக்கு வந்தது எப்போது? இந்தியர் அச்சகம் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை 1835இல் வந்தபின், சென்னையின் சிறிய அச்சகங்களிலிருந்து ‘பெரிய எழுத்து’ நூல்கள் புறப்பட்டன. தேசிங்குராஜன் கதை அவற்றில் பேர்பெற்றது. பெரிய எழுத்து ஏன்? தட்டுத் தடுமாறி எழுத்துக் கூட்டுபவனும், மங்கிய விளக்கொளியில், நாலு பேர் கேட்க உரக்கப் படிக்க வேண்டும் என்பதற்காக! மலிவான தாள், கட்டை அச்சில் ஒரு குதிரைப் படம், சந்தையில் விற்பனை. புலவர்கள் அதை இலக்கியம் என்று ஒப்பவில்லை. வீட்டில் அதைப் படித்தால் பிள்ளை கெட்டுவிடுவான் என்று சொன்ன பெரியவர்களும் உண்டு. பிள்ளையோ அதைப் படித்துத்தான் படிக்கக் கற்றுக்கொண்டான்.

பின்னர் நாடகம், பின்னர் திரை. தமிழில் முதல் மௌனப் படமாக நடராச முதலியார் எடுத்தது எது தெரியுமா? கீசகவதம்! அதே திரௌபதி, அதே கூத்துக்கதை. 1931இல் படம் பேசத் தொடங்கியது. கூடாரக் கொட்டகையில் மண்ணைக் குவித்து அதன்மேல் அமர்ந்து பார்த்த இளைஞனுக்கு, கூத்துக்களத்தின் முன்வரிசை நீண்டு வந்தது போலிருந்தது.

இந்த ஆற்றலை அறிந்தவர்கள் நம்மவர்கள். மக்கள் எங்கே கண்ணீர் வடிக்கிறார்களோ அங்கே கருத்தை விதைக்க வேண்டும் என்று தெரிந்து மேடைக்குப் போனார்கள். அண்ணா எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து இராஜ்யம்’ நாடகத்தை நினைத்துப் பாருங்கள். செஞ்சியைப் பிடிப்பதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு, 1674இல், சிவாஜிக்கு முடிசூட்டு விழா. நாட்டை வென்றவனுக்கு முடிசூட, நீ எந்த வருணம் என்ற கேள்வி குறுக்கே நின்றது. காசியிலிருந்து காகபட்டர் வர வேண்டியிருந்தது. அந்தக் காட்சியை நாடகமாக்கி, காகபட்டராக அண்ணாவே நடித்தார். சிவாஜியாக நடித்தவர் விழுப்புரத்தில் பிறந்த கணேசன். பெரியார் அந்த நடிப்பைக் கண்டு பாராட்டியதிலிருந்து அவர் சிவாஜி கணேசன். பனமலைக் கல் அசுவத்தாமனைத் தேடிப் போனதும், இராய்கட்டில் காகபட்டரைத் தேடிப் போனதும் ஒரே காரணத்திற்காகத்தான் என்பது, அந்த நாடகத்தைப் பார்த்த இளைஞனுக்கு யாரும் விளக்காமலே விளங்கியிருக்கும்.

1949இல் வேலைக்காரி, 1952இல் பராசக்தி. பராசக்தியைத் தடைசெய் என்று குரல் எழுந்தது. தெருமுனையில் மாணவன் அதன் உரையாடலை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். 1876இல் வெள்ளையன் கொண்டுவந்த நாடகத் தடைச் சட்டமும், 1954இல் சென்னை அரசு கொண்டுவந்த நாடகச் சட்டமும் எதற்காக வந்தன? கூத்து வெறும் பொழுதுபோக்கு என்று ஆள்வோர் நம்பியிருந்தால் அவற்றுக்குத் தேவை ஏற்பட்டிருக்காது.

1960இல் தேசிங்கும் திரைக்கு வந்தான். எம்.ஜி.ஆர். தேசிங்கு, தோழன் வேடத்தில் எஸ்.எஸ்.இராசேந்திரன். கறுப்புச் சிவப்புக் கொடியோடு திரிந்த தோழர்கள் கொட்டகையில் யாரைக் கண்டார்கள்? 1714இல் மாண்ட இராசபுத்திரனையா? தங்கள் கட்சி நடிகரை! கதை பின்னுக்குப் போனது; கதாநாயகன் முன்னுக்கு வந்தான். இந்த மாற்றத்தை நாம் மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. கருத்துக்குக் கருவியாக நடிகன் வந்தான். சிறிது காலத்தில் நடிகனுக்குக் கருவியாகக் கருத்து ஆயிற்று. 1987 திசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது உயிரை மாய்த்துக்கொண்ட ஏழைகள் உண்டு. 1992இல் ஆய்வறிஞர் எம்.எஸ்.எஸ்.பாண்டியன் அந்தப் பிம்பத்தின் பிடியைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பகுத்தறிவைப் பரப்ப எழுப்பிய மேடையில் புதிய பூசை ஒன்று நடந்தது. பூசாரிகளாக நம் பிள்ளைகளே நின்றார்கள். இன்றும் படம் வெளியாகும் காலையில் நடிகனின் அட்டைச் சிலைமேல் பாலைக் கொட்டுகிறார்கள். பால் வீணாகிறது என்று மட்டும் வருந்துவோர் உண்டு. நாம் வருந்துவது வேறொன்றுக்காக.

இங்கே தேசிங்கின் மனைவியிடம் திரும்ப வேண்டும். அவளைப் பற்றிப் பாட்டுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் எரிந்தாள் என்பதே. அவள் நினைவாகத்தான் ஆர்க்காட்டுக்கு எதிரே இராணிப்பேட்டை எழுந்தது என்று சொல்லி வருகிறார்கள். நவாபு தன் பகைவனின் மனைவியைப் போற்றினான் என்பதை ஒரு பெருந்தன்மையாகவும் காட்டுகிறார்கள். பெருந்தன்மைதான். ஆனால் ஊருக்குப் பெயரிட்டுப் போற்றப்பட்டது எது? அவள் வாழ்ந்த வாழ்வல்ல; வெந்த உடல். 1829இல் வங்கத்திலும் அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்திலும் உடன்கட்டை சட்டத்தால் தடுக்கப்பட்டது. பாட்டை யார் தடுப்பது? கேட்டுக்கொண்டிருந்த பதினைந்து வயதுப் பெண்ணின் காதில் அது விழுந்துகொண்டேதான் இருந்தது: நல்ல மனைவி என்பவள் கணவனோடு முடிந்துபோகிறவள்.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 1987 செப்டம்பர் 4. இராசத்தானத்துத் தேவராளா. ரூப் கன்வர் என்னும் பெண், வயது 18, கணவனின் சிதையில் எரிந்தாள். சில நாளில் அங்கே பல்லாயிரவர் கூடினர். சிதை நடுவே அவள் புன்னகையோடு கணவன் தலையை மடியில் ஏந்தியிருப்பதுபோல ஒட்டுவேலை செய்த படங்கள் விற்பனைக்கு வந்தன. வாளேந்திய இளைஞர்கள் காவல் நின்றார்கள். அவர்கள் எந்த நூலைப் படித்து அங்கே நின்றார்கள்? சாத்திரத்தைப் படித்தவர் சிலரே இருப்பர். தாலாட்டில், பாட்டில், படத்தில் கேட்டும் கண்டும் வளர்ந்தவர்களே மிகப்பலர். அந்த ஆண்டே வந்த சட்டம், உடன்கட்டையைப் புகழ்ந்து பேசுவதும் பரப்புவதும் குற்றம் என்றது. கதைக்கும் கொலைக்கும் தொடர்பு உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட நேரம் அது. புகழ்ந்ததாகத் தொடரப்பட்ட வழக்கில் எஞ்சியிருந்த எட்டுப் பேரும் 2024 அக்டோபரில் விடுதலையாயினர் என்பது தனிக்கதை.

கடல் கடந்தும் ஒரு சான்று. கரும்புக் காட்டில் உழைக்க நம் தமிழரும் கப்பலேற்றப்பட்ட பிசித் தீவு. அங்குள்ள பழங்குடி மக்களிடையே உடற்கட்டு பருத்திருப்பதே அழகு. நன்றாகச் சாப்பிடு என்பதே உபசாரம். 1995இல் அதன் மேற்குக் கரை ஊர்களுக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பள்ளிப் பெண்களிடம் அந்த ஆண்டும் 1998இலும் வினவினார். உணவைப் பற்றிய மனக்கோளாறு உடையவராக அளவிடப்பட்டவர் முதல் ஆண்டில் நூற்றுக்கு 12.7, மூன்று ஆண்டில் 29.2. உடலை இளைக்க வைக்க, தின்றதைத் தாமே வாந்தியெடுக்கும் பழக்கம் முன்பு ஒருவருக்கும் இல்லை. பின்பு நூற்றுக்கு 11.3. திரையில் ஒல்லியான அமெரிக்கப் பெண்கள் ஆடிப்பாடினார்கள். யாரும் பிசிப் பெண்ணிடம் பட்டினி கிட என்று சொல்லவில்லை. சொல்லப்படாத பாடம்!

இதைக் கேட்டவுடன், பெட்டியை உடைத்தெறி என்று முழங்கத் தோன்றும். அவசரம் வேண்டாம். 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உள்ளிட்ட இந்தியப் பகுதிகளில் இரண்டு பொருளியல் அறிஞர்கள், ஜென்சனும் ஆஸ்டரும், சிற்றூர்களில் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். கம்பிவழித் தொலைக்காட்சி நுழைந்த ஊர்களில், கணவன் அடிப்பது சரியென்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள்; ஆண்பிள்ளைதான் வேண்டும் என்ற ஆசை தளர்ந்தது. அந்தத் தொடர்கள் ஒன்றும் சீர்திருத்த நாடகங்கள் அல்ல. மாமியார் மருமகள் சண்டைதான் பெரும்பாலும். ஆனாலும் தன் ஊரைத் தவிர வேறொரு வாழ்க்கை உண்டு என்று ஒருத்தி கண்ணால் கண்டாள். வெளியே வேலைக்குப் போகும் பெண்ணைக் கண்டாள். வாயிலில் நின்றவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஒரே பெட்டி, பிசியில் ஒருத்தியைப் பட்டினி போட்டது, இங்கே ஒருத்தியை நிமிர வைத்தது. எதைக் காட்டியது, யார் பக்கத்தில் அமர்ந்து பேசினார் என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது.

இன்றைய செஞ்சிப் பிள்ளையின் கையில் கூத்தும் கொட்டகையும் பெட்டியும் ஒருசேர அடங்கிய கைப்பேசி இருக்கிறது. கொரியநாட்டு இளைஞர் பாடும் பாட்டை அவன் தங்கை மனப்பாடமாகப் பாடுகிறாள். பொருள் தெரியாமல் பாடுகிறாளே என்று சிரிப்பவர், தாம் பொருள் தெரியாமல் ஒப்பித்த வடமொழி மந்திரங்களை நினைத்துக்கொண்டு பிறகு சிரிக்கட்டும். அது நம்மை அச்சுறுத்தவில்லை. அதே கைப்பேசியில் சாதிப் பெருமை பேசும் துண்டுப் படங்கள் வருகின்றன, அரிவாளும் மீசையும் முழக்கமுமாக வருகின்றன, அவை அச்சுறுத்துகின்றன. 2023 ஆகத்தில், நெல்லை மாவட்டத்து நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பில் படித்த தாழ்த்தப்பட்ட மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவனோடு பள்ளியில் படித்தவர்கள்! அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை அளித்தது. மாணவர் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பல்லவன் தன் குலத்தைக் கல்லில் பொறித்தான். பதினேழு வயதுப் பிள்ளை மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறான். எழுத்து சுருங்கிவிட்டது, செய்தி அதேதான்.

செஞ்சியின் திரௌபதிக்கும் இதில் பங்கு வந்தது. விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில் தருமராசா திரௌபதியம்மன் கோயில். 2023 ஏப்ரலில் அங்கே நுழைந்த தாழ்த்தப்பட்டவர்கள் தாக்கப்பட்டார்கள். சூனில் அதிகாரிகள் கோயிலுக்கு முத்திரை வைத்தார்கள். உயர்நீதிமன்றம் வரை வழக்கு நடந்து, 2025 ஏப்ரலில் காவல்துறைப் பாதுகாப்போடு அவர்கள் உள்ளே சென்றார்கள். அவையில் இழுத்துவரப்பட்டு, நீதி கேட்டு, ஒருவரும் விடை சொல்லாமல் நின்றவளின் கூத்தைப் பரம்பரை பரம்பரையாகப் பார்த்த ஊர்ச் சீமை இது! கோயிலுக்குள் போவதால் என்ன கிடைக்கும் என்று நாம் தனியே வாதிடலாம். போகக் கூடாது என்று சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை என்பதில் வாதமே கிடையாது.

2025 சூலையில் செஞ்சிக்கு உலகப் புகழ் ஒன்று வந்தது. யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சிக் கோட்டை சேர்ந்தது. மகிழ்ச்சி! எந்தத் தலைப்பில்? மராத்தியரின் படைத்துறை நிலக்காட்சிகள் என்ற தலைப்பில், பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக. மற்றப் பதினொன்றும் மராட்டியத்தில். மராத்தியர் செஞ்சியை ஆண்டது 1677 முதல் 1698 வரை, 21 ஆண்டுகள். கோன்கள் எழுப்பியதாகச் சொல்லப்படும் தொடக்கம், நாயக்கர் ஆண்ட நூறாண்டுக்கு மேற்பட்ட காலம், பீசப்பூர், மொகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர், எல்லாம் அந்தத் தலைப்பின் நிழலில் நிற்கின்றன. தேசிங்குமே நிழலில்தான். நாளை இராசகிரியில் ஏறும் பள்ளிப்பிள்ளை முதலில் படிக்கப்போவது அந்தத் தலைப்பைத்தான். அடுத்து, கைப்பேசியில் முப்பது நொடிப் படம். அதில் யாருடைய கொடி பறக்கிறதோ அவருடைய கோட்டை.

செஞ்சி வட்டாரத்து மாணவத் தோழர்கள் சிலர் சேர்ந்து கோட்டையைப் பற்றிக் கூத்தோ குறும்படமோ செய்ய எண்ணினால், நம்மிடம் ஒரு யோசனை உண்டு. குதிரையிலிருந்து தொடங்க வேண்டாம். இராசகிரியின் அடியில் பெரிய நெற்களஞ்சியம் இருக்கிறது. கல்வெட்டு அதைப் பாடவில்லை; பாணனும் பாடவில்லை; திரையும் காட்டவில்லை. அங்கிருந்து தொடங்கலாம். அந்த நெல் எந்த ஏரியின் பாசனத்தில் விளைந்தது, யார் தலையில் சுமந்து கொண்டுவந்து கொட்டினார்கள், தேசிங்கு கொடுக்க மறுத்ததும் நவாபு கேட்டதும் யாருடைய நெல் என்று கேட்டுக்கொண்டே போனால், பனமலை ஏரிக்கரை வரை கதை தானாகவே வந்து சேரும்.